மெல்லினத்தில் நான்காவது எழுத்து

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே, தமிழ் எழுத்து அட்டவணை ஒன்று தொங்குகிறது. பள்ளிக்கூடங்களுக்கு எதிரிலுள்ள கடைகளில் சுருட்டி வைத்து விற்பார்களே, மேலே உயிரெழுத்துகளும் இடப்பக்கம் மெய்யெழுத்துகளும் நடுவில் 216 உயிர்மெய்களுமாக, அதுதான். மேல் முனைகள் இரண்டிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பிய்த்த தடம் இருக்கிறது. 'ழ' வரிசையின்மேல் பெட்டாடின் சிந்திய பழுப்புக் கறை. வீட்டில் அரிச்சுவடி படிக்கிற வயதில் யாரும் இல்லை; மகள் கல்லூரியே முடித்துவிட்டாள். வருகிறவர்கள் கேட்டால் 'ஆஸ்பத்திரியில் கொடுத்தது' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அதைக் கொடுத்தவருக்கு நான் சொல்ல வேண்டிய சொல் ஒன்று இன்னும் பாதியில் நிற்பதால், இப்போது முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிறிய அறையில் 22 ஆண்டுகளாகக் கிரையப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் எழுதிப் பிழைப்பவன். நான்கெல்லையும் சொல்லி, வில்லங்கம் ஏதும் இல்லை என்று உறுதி கூறி முடிக்கும் வரை முற்றுப்புள்ளி வைக்காத தொழில் என்னுடையது. 2019 ஆகஸ்டில் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நாள் வயிற்றுப்போக்கு வந்து தானாக நின்றது. பத்து நாள் கழித்து உள்ளங்கால் மரத்தாற்போல் இருந்தது. மறுநாள் பேருந்துப் படியில் ஏறக் கால் எழவில்லை. அதற்கு மறுநாள் பேனா பிடிக்க முடியவில்லை. நான்காம் நாள் காலையில் குடித்த காபி மூக்கு வழியாக வந்தபோது என் மனைவி ஆட்டோவை வரவழைத்தாள்.

தென்மாவட்ட நகரமொன்றிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்ததில் புரதம் கூடியிருந்தது, அணுக்கள் கூடவில்லை. கில்லன் பாரே நோய் என்றார்கள். குடலிலோ மூச்சுக்குழாயிலோ வந்துபோன கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காவற்படை, ஆளை மாற்றித் தன் சொந்த நரம்புகளின் மேலுறையையே தாக்கிவிடுகிறது என்று ஓர் இளம் மருத்துவர் என் மனைவிக்கு விளக்கினார். 1916-இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையால் வந்த பெயர் இது என்று பிற்பாடு படித்தேன். மூன்றாமவருடைய பெயர் வழக்கில் விழுந்துபோய்விட்டது. மூவர் கையெழுத்திட்ட ஆவணத்தில் ஒருவர் பெயர் விடுபட்டால் எங்கள் தொழிலில் அது பிழைதிருத்தல் பத்திரம் வரைக்கும் போகும். இதற்கு அப்படி ஏதும் இல்லை போலிருக்கிறது.

அன்று இரவே மூச்சு வாங்கியது. வாய்வழியாகக் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் இணைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துக் கழுத்தில் துளையிட்டு அதன் வழியே மாற்றினார்கள். கிலோவுக்கு 2 கிராம் வீதம் கணக்கிட்டு, ஐந்து நாளாகப் பிரித்து, இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து அது. என்னைப் பிழைக்க வைத்தது அந்த மருந்தும், அந்த இயந்திரமும், அவற்றை நேரத்தில் கொடுத்த மருத்துவர்களும்தான். அந்தக் கணக்கைக் குழப்ப எனக்கு விருப்பமில்லை. நான் சொல்ல வந்தது வேறொரு கணக்கு.

இந்த நோயின் கொடுமை, அது அறிவைத் தொடுவதில்லை என்பது. கையில்லை, காலில்லை, குரலில்லை, முகத்தில் சிரிப்போ அழுகையோ காட்ட ஒரு தசை மிச்சமில்லை. இமைகள்கூட முழுதாக மூடாமல், இரவில் களிம்பு தடவிப் பிளாஸ்திரி ஒட்டித்தான் கண்ணை மூடவேண்டியிருந்தது. ஆனால் காது கேட்கிறது, தோல் உணர்கிறது, வலி பன்மடங்காக வலிக்கிறது, புத்தி முன்பைவிடக் கூர்மையாக வேலை செய்கிறது. போர்வை கால் விரலில் உரசினால் தீப்பட்டதுபோல் எரியும். அதைச் சொல்ல வழி இல்லாததால், எனக்கு எதுவுமே இல்லை என்று சுற்றியிருந்தவர்கள் மெல்ல மெல்ல நம்பிக்கொண்டார்கள். இது யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. பதில் வராத இடத்தில் மனிதர்கள் பேசுவதை நிறுத்திவிடுவது இயல்பு. கிணற்றிலும்கூட எதிரொலி வந்தால்தான் குழந்தைகள் மறுபடி கூப்பிடுகிறார்கள்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பார்வையாளர் நேரத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணனும் இன்னொரு உறவினரும் வந்து கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். செலவுக்கு என் பெயரிலிருந்த மனையை விற்க வேண்டியிருக்கும், அதற்குப் பவர் பத்திரம் போட வேண்டும், கையெழுத்து முடியாதென்றால் கைநாட்டு உருட்டிக்கொள்ளலாம் என்று என் மார்புக்குமேல் பேசிக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன், பணக் கவலைதான். ஆனால் எனக்கு வந்தது துக்கமல்ல, தொழில்முறைக் கோபம். நோயாளிக்காகச் சார்பதிவாளர் இருப்பிடத்துக்கே வர 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. வந்தாலும், எழுதிக் கொடுப்பவர் தாமே எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று அவர் விசாரித்தாக வேண்டும். நினைவில்லாதவன் விரலை மையில் தோய்த்து எடுப்பது ஆவணம் ஆகாது. இருபதாண்டுகளாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவரும் பாடத்தைச் சொல்ல முடியாமல் கூரையைப் பார்த்துக் கிடந்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. "அவருக்கு எல்லாம் கேக்குதுங்க. இதை வெளியில போயிப் பேசுங்க." அதட்டல் இல்லை. ஆனால் இருவரும் உடனே போய்விட்டார்கள். பிறகு என் பார்வை எட்டுகிற இடத்துக்கு ஒரு முகம் வந்தது. முப்பது வயதிருக்கும், நெற்றியில் சிறு தழும்பு, முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. "அண்ணே, உங்க மானிட்டர்ல துடிப்பு நூத்தி இருபதுக்குப் போயிருச்சு. அவங்க பேசுனதுதான் காரணம்னு நெனைக்கிறேன். சரியா இருந்தா கண்ணை மேல தூக்குங்க." தூக்கினேன். சேர்ந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அந்தப் பிரிவில் எல்லோரையும் போல நானும் சிஸ்டர் என்றே குறிப்பிடுகிறேன். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதித் தொகுப்பூதியத்தில் வந்தவர் என்பது மட்டும், செவிலியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. நகர முடியாதவன் காதில் எல்லாம் விழும்.

அவருடைய வேலைமுறை மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது ஒரே ஓர் இடத்தில். எதைச் செய்யுமுன்பும் சொல்லிவிட்டுச் செய்வார். இரவுப் பணிக்கு வந்ததும் என் தலைமாட்டில் நின்று, "அண்ணே, நான்தான். இன்னிக்கு வியாழக்கிழமை. மணி ஒன்பதே கால். வெளியில தூறல்" என்பார். ஜன்னல் இல்லாத, விளக்கு அணையாத அந்த அறையில் இரவும் பகலும் எனக்குக் கலங்கிப் போயிருந்தன. தரையில் தண்ணீர் ஏறுவதாகவும், கட்டிலை யாரோ சரக்கு வண்டியில் ஏற்றுவதாகவும் தோன்றிக்கொண்டிருந்த நாள்கள் அவை. கிழமையும் மணியும் மழையும் தெரிந்த பிறகு தண்ணீர் வடிந்துவிடும். வேறு மருந்து எதுவும் அதற்குக் கொடுத்ததாக நினைவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். "இப்ப இடப்பக்கம் திருப்பப் போறோம், வலிக்கும், நாலு எண்ணுற வரைக்கும்தான்" என்று சொல்லி, உதவியாளரோடு சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். மூன்றில் திருப்பிவிடுவார்கள், நான்கை எண்ணும்போது தலையணை முட்டிக்கடியில் வந்திருக்கும். வலி குறைந்ததா என்றால் இல்லை. ஆனால் எல்லை தெரிந்த வலி. நான்கெல்லை குறித்த நிலத்துக்கும் குறிக்காத நிலத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும்.

எல்லாவற்றிலும் மோசமானது சளி உறிஞ்சுவது. கழுத்துக் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சும்போது, அத்தனை காற்றும் சேர்ந்து வெளியேறி, நெஞ்சுக்கூடு உள்ளே ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கும். இந்த நோயில் இதயத்துடிப்பை ஆளும் நரம்புகளும் தடுமாறுவதால், உறிஞ்சும்போதே துடிப்பு சட்டென்று இறங்கிவிடுவதுண்டு. ஆகவே பத்துப் பதினைந்து வினாடிக்குமேல் குழாயை உள்ளே வைக்கக் கூடாது. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. குழாயை விடுமுன் தாமும் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்வார். ஒருநாள் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு முட்டுறப்போ அவருக்கும் முட்டும், அப்ப எடுத்துரணும்" என்றார். வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் பாடமோ என்னவோ, அதைக் கடைசி வரை கைவிடாமல் செய்தவரை அங்குதான் பார்த்தேன். ஒரு நாளில் எத்தனையோ முறை, என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இன்னொருவர் எனக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

அட்டவணை வந்தது மூன்றாம் வாரத்தில். அதுவரை ஆம் என்றால் கண்ணை மேலே, இல்லை என்றால் கீழே என்பதுதான் எங்கள் மொழி. கேட்பவருக்குத் தோன்றாத கேள்விக்கு அதில் பதில் இல்லை. அன்று மாலை முதல் எனக்கு ஒரு தொல்லை. வலிக்கிறதா, கீழே. குளிருதா, கீழே. மலம் போனதா, தாகமா, மனைவியைப் பார்க்க வேண்டுமா, எல்லாம் கீழே. மறுநாள் பேருந்து நிலையத்தில் இருபது ரூபாய்க்கு வாங்கினேன் என்று சொல்லி இந்த அட்டவணையைக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் ஒட்டினார். ஒரு பேனாவால் மெய்யெழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். பத்தாவது எழுத்தான 'ம'வில் கண்ணைத் தூக்கினேன். அதே வரிசையில் குறுக்காக நகர்ந்தார், ஆறாவதில் தூக்கினேன். "மூ" என்றார். சொல்லிய வேகத்தில் முகம் மாறிவிட்டது. "மூச்சா? மூச்சு முட்டுதா?" குழாய் இணைப்பைத் தடவினார், இயந்திரத்தைப் பார்த்தார், மருத்துவரைக் கூப்பிடக் குரல் கொடுக்கவே போய்விட்டார். நான் கண்ணைக் கீழே கீழே என்று இறக்கினேன். மறுபடி அட்டவணைக்கு வந்து, மேலிருந்து ஆரம்பித்து, முதல் எழுத்திலேயே நின்றார். 'க்'.

"மூக்கு! மூக்கு அரிக்குதாண்ணே?"

நனைத்த பஞ்சுத் துணியால் மூக்கின் நுனியை இப்படியும் அப்படியும் தேய்த்தார். இருபத்திரண்டு மணி நேரமாக அரித்துக்கொண்டிருந்த மூக்கு. அந்தச் சுகத்தை வருணிக்க எனக்குத் தெரியவில்லை. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்துப் படுக்கையின் சிஸ்டரும் சேர்ந்துகொண்டார். என் முகத்தில் ஒரு கோடும் அசைந்திருக்காது. ஆனால் "நீங்களும் சிரிக்கிறீங்க, துடிப்பு ஏறுது பாருங்க" என்று மானிட்டரைக் காட்டினார்.

ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஆனது. 'ன' வரவேண்டுமென்றால் பதினெட்டையும் கடக்க வேண்டும், அதற்குள் கண் சோர்ந்துவிடும். இரண்டு நாள் கழித்து வந்தவர், "அண்ணே, எட்டாங்கிளாஸ் இலக்கணம் ஞாபகம் இருக்கா?" என்றார். வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று முதலில் கேட்பது. அந்த ஆறுக்குள் எத்தனையாவது என்று எண்ணுவது. பிறகு குறிலா, நெடிலா, அதில் எத்தனையாவது. வெறும் மெய்யென்றால் புள்ளி. பதினெட்டை மூவாறாகப் பகுத்து வைத்த பழைய இலக்கணக்காரர்கள் எதை நினைத்து வைத்தார்களோ, ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் அது காலத்தைப் பாதியாகக் குறைத்தது. அட்டவணையைப் பார்க்காமலே, என் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "வல்லினம்? மெல்லினம்? சரி. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவரால் கேட்க முடிந்தது. மற்ற சிஸ்டர்களும் பழகிக்கொண்டார்கள். என் மனைவி பழகிக்கொண்டாள். அவள் 'ற'வை மட்டும் ஏனோ கடைசி வரை இடையினத்தில் தேடினாள். பவர் பத்திரம் செல்லாது என்பதை நான்கு நாள் தவணையில் சொல்லி முடித்தேன்.

எப்போதும் அவர் அப்படியே இருந்தார் என்று எழுதினால் பொய்யாகும். ஓர் இரவு வந்ததிலிருந்து கிழமையும் சொல்லவில்லை, மணியும் சொல்லவில்லை. சொல்லாமலே திருப்பினார்; சொல்லாமலே சளி எடுத்தார்; கை கடுமையாக இருந்தது. நான் அட்டவணைப் பக்கம் கண்ணைத் திருப்பியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். அன்று மாலை நான்காம் படுக்கையிலிருந்த பையன் இறந்திருந்தான். பூச்சிமருந்து குடித்த கேஸ். உடலைச் சுத்தம் செய்து கொடுத்தது இவர்தான் என்பது திரைக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சில் எனக்கு ஏற்கெனவே தெரியும். அதிகாலை நான்கு மணியளவில் தலைமாட்டில் வந்து நின்றார். "மன்னிச்சுக்கங்கண்ணே. இன்னிக்குப் புதன்கிழமை" என்றார். மணியைச் சொல்லவில்லை. அப்படியே சற்று நேரம் நின்றிருந்தார்.

ஊருக்கு வந்த பிறகு, பார்க்க வந்த எல்லோரிடமும் என் மனைவி 'தாய் மாதிரிப் பார்த்துக்கிட்டாங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நன்றியின் அளவு அது, மறுக்க நான் யார்? இருந்தாலும் எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. தாய் தன் பிள்ளைக்குச் செய்வாள். இவர் ஆறாம் நம்பர் படுக்கைக்குச் செய்தார். அதில் நேற்று வேறொருவர் இருந்தார், நாளை இன்னொருவர் இருப்பார். தேவதை என்ற சொல் இன்னும் மோசம். தேவதைகளுக்குச் சம்பளம் தேவைப்படாது என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககமான டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்ட செய்தியைப் படித்துவிட்டு, அந்தக் காகிதத்திலேயே வடை மடித்து வாங்கித் தின்றவன் நான். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்பது ஏட்டிலுள்ள அளவு. எங்கள் பிரிவில் இரவில் பத்துப் படுக்கைக்கு மூன்று பேர் இருந்தால் அது நல்ல இரவு. அந்த மூன்றில் ஒருவராக நின்றுகொண்டுதான், ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் எனக்குக் கொடுத்தார்.

இங்கேதான் என் கடன் இருக்கிறது. 'நன்றி' மூன்றே எழுத்து. 61 நாளில் எத்தனையோ சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கிறேன்: வலி, முதுகு, ஃபேன், விளக்கு, பில், மகள், ஒருமுறை 'கருவாடு' கூட. நன்றி என்று சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் எளிதாக முடிந்துவிடும், மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை வாயால் சொல்லும் வழக்கமே கிடையாது. கல்யாணப் பத்திரிகையிலும் மேடைப் பேச்சிலும்தான் அது வரும். உதவி செய்தவரிடம் 'அப்போ வர்றேன்' என்று சொல்லும் தொனியிலேயே எல்லாம் அடங்கிவிடும். எனக்கோ தொனி இல்லை, வெறும் எழுத்துத்தான் இருந்தது. மேலும், நன்றி என்று ஆரம்பித்தால், அவர் நின்று எண்ண வேண்டிய மூன்று நிமிடம் அவருக்கு எதையும் தராது, அதே மூன்று நிமிடத்தில் ஒன்பதாம் படுக்கைக்காரருக்குச் சளி எடுத்துவிடலாம் என்றும் தோன்றும். குரல் வரட்டும், வாயாலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

குரல் வந்த நாளில் அவர் பணியில் இல்லை. நாற்பத்து மூன்றாம் நாள் வலக்கைக் கட்டைவிரல் அசைந்ததை முதலில் கண்டவர் அவர்தான். இயந்திரத்திலிருந்து மணிக்கணக்கில் விலக்கிப் பழக்கிய நாள்களிலும் இருந்தார். அதன்பின் அவரை வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்துத் துளையை அடைத்து, 'ஆ' சொல்லுங்கள் என்றபோது வந்த தகரச் சத்தத்தைக் கேட்டு மனைவி அழுதாள். நான் கதவைப் பார்த்தேன்.

நவம்பரில் வீடு. பிப்ரவரியில் வாக்கரைப் பிடித்துத் தெருமுனை வரை. மார்ச்சில் ஊரே அடைந்தது. 2020 ஜூலையில் பழைய பிரிவின் சிஸ்டர் ஒருவர், அவரிடம் கேட்டுக்கொண்டு, எண்ணைக் கொடுத்தார். கொரோனா வார்டில் இருப்பதாகவும் இரவு எட்டு மணிக்குமுன் கூப்பிட்டால் கிடைப்பார் என்றும் சொன்னார். ஏழரைக்குக் கூப்பிட்டேன். நீண்ட வாக்கியம் ஒன்றைத் தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். தொழில் புத்தி போகாது.

"யாருங்க?"

"சிஸ்டர், ஆறாம் நம்பர் பெட்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "உங்க குரல் இப்படியா இருக்கும்? நான் வேற மாதிரி நெனச்சு வச்சிருந்தேண்ணே" என்றார். எனக்கு உறைத்தது. அத்தனை நாள் பேசியும் அவர் என் குரலைக் கேட்டதே இல்லை. எப்படி நினைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கனத்த குரலாக, வாத்தியார் குரலாக, என்றார். தாளைப் பார்த்தேன். அதில் எழுதியிருந்த எதையும் அந்தக் குரலில் படிக்க முடியும் என்று தோன்றவில்லை.

"மெல்லினம்" என்றேன்.

"என்னண்ணே?"

"மெல்லினம். நாலாவது."

"ந" என்றார் உடனே. "நாக்கா?"

"குறில். முதலாவது."

"ந. சரி."

"மெல்லினம். ஆறாவது. புள்ளி."

அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். கவச உடை போட அரை மணி நேரம் ஆகும், போட்டுவிட்டால் ஆறு மணி நேரத்துக்குத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்று எண்ணைக் கொடுத்த சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். "அண்ணே," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. மணி ஏழே முக்கால். இங்க மழையெல்லாம் இல்ல. மீதி எழுத்தை நேர்ல வந்து சொல்லுங்க, நான் போகணும்."